நரம்புக்கு உள்ளேயா, வெளியேயா? - ஒரு சின்ன நீர்க்கட்டி, எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் தேட வேண்டிய ஒரே பதில்

திருச்சி - தஞ்சாவூர் சாலையில் அரியமங்கலத்தைத் தாண்டினால் காட்டூர். காலையில் திருவெறும்பூர் பக்கம் வேலைக்குப் போகிறவர்களும், நகரத்துக்குள் படிக்கப் போகிறவர்களுமாகச் சாலை நிரம்பி வழியும். அந்தக் கூட்டத்தில் முப்பது வயதுள்ள ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு வாரமாக அவருக்குப் பஸ் படியில் ஏறும்போது வலது கால் கட்டைவிரல் இடிக்கிறது. வீட்டுக்குள் நடக்கும்போது செருப்பு நழுவுகிறது. பாதத்தை மேல்நோக்கித் தூக்கினால் முழுசாக வரவில்லை. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு மந்தமான வலி.

வீட்டில் என்ன சொல்வார்கள்? "வாயுப் பிடிப்பா இருக்கும், எண்ணெய் தேய்ச்சு விடு." நண்பர்கள்? "டிஸ்க்கா இருக்கும்டா, முதுகுக்கு ஸ்கேன் எடு." இரண்டுமே தப்பாக இருக்கலாம். காரணம் முழங்காலுக்குப் பக்கத்தில் ஓடும் ஒரு நரம்பின் உறைக்குள் தேங்கியிருக்கும் கொஞ்சம் திரவமாகக்கூட இருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பதும், அது நரம்புக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று பிரித்துச் சொல்வதும்தான் எம்.ஆர்.ஐ. செய்கிற வேலை. அந்த ஒரு பதிலைப் பொறுத்து அறுவை சிகிச்சையின் முறையே மாறிவிடும்.

கேங்லியான் கட்டி என்றால் என்ன?

மணிக்கட்டின் பின்பக்கம் கோலிக்குண்டு மாதிரி ஒரு கட்டி பலருக்கும் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் கேங்லியான். சிலர் அதை "நரம்பு முடிச்சு" என்பார்கள். பெயர்தான் அப்படியே தவிர, அதற்கும் நரம்புக்கும் சம்பந்தம் கிடையாது. மூட்டிலிருந்தோ தசைநார் உறையிலிருந்தோ கிளம்பும், ஜெல்லி மாதிரி கெட்டியான திரவம் நிரம்பிய பை அது. புற்றுநோய் அல்ல. வலியும் இடைஞ்சலும் இல்லாவிட்டால் பெரும்பாலும் எதுவுமே செய்ய வேண்டாம். கணிசமானவை தானாகவே மறைந்தும் போகும். கனமான புத்தகத்தால் ஓங்கி அடித்து உடைக்கும் பழைய வைத்தியத்தை மட்டும் யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.

அதே கட்டி நரம்புக்குப் பக்கத்தில் வந்தால்தான் சிக்கல். நரம்பு என்பது மூளைக்கும் தசைக்கும் இடையே ஓடும் வயர். ஒரு பெரிய உறைக்குள் பல சின்ன இழைக் கற்றைகள் சேர்ந்து ஓடுகின்றன. இந்த வயருக்கு இரண்டு விதமாகத் தொல்லை வரலாம்.

ஒன்று, வெளியிலிருந்து அழுத்தம். மூட்டிலிருந்து புடைத்த கட்டி, பக்கத்தில் போகும் நரம்பை நெருக்குகிறது. வயர் மேல் கல்லை வைத்த மாதிரி. இது நரம்புக்கு வெளியே உள்ள கட்டி.

இன்னொன்று, திரவம் வயரின் உறைக்குள்ளேயே புகுந்துவிடுவது. வயர் அறுபடவில்லை, ஆனால் உறைக்குள் தேங்கிய திரவம் இழைகளை ஒரு பக்கமாக ஒதுக்கி நசுக்குகிறது. இது நரம்புக்கு உள்ளே உள்ள கட்டி. முதல் வகையைவிட அரிது. ஆனால் அரிது என்பதாலேயே தவறவிடப்படுகிறது.

எந்த இடங்களில் வரும்?

அதிகம் பேசப்படுவது பெரோனியல் நரம்பு. முழங்காலுக்குக் கீழே, காலின் வெளிப்பக்கத்தில் தொட்டால் தட்டுப்படும் எலும்பு முனைதான் ஃபிபுலாவின் தலை. அதற்குச் சற்றுக் கீழே எலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு, தோலுக்கு மிக அருகில் இந்த நரம்பு ஓடுகிறது. பாதத்தை மேலே தூக்கும் தசைகளுக்கு உத்தரவு போவது இதன் வழியாகத்தான். பாதிக்கப்பட்டால் பாதம் தொங்கிப்போகும்.

தோள்பட்டையில் வரும் கட்டி இன்னொரு வகை. தோள் மூட்டின் விளிம்புக் குருத்தெலும்பு கிழிந்தால், அந்த வழியே திரவம் கசிந்து கட்டியாகி, சுப்ராஸ்கேபுலர் நரம்பை அழுத்தும். கையை மேலே தூக்கி அடிக்கும் வாலிபால் மாதிரி விளையாட்டுகளில் இருப்பவர்களுக்குத் தோளின் பின்பக்கத் தசை மெலிந்துபோனால், தேடிப் பார்க்க வேண்டிய காரணங்களில் இதுவும் ஒன்று. கணுக்காலின் உள்பக்கம், மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கம் ஆகிய இடங்களிலும் நரம்பு குறுகலான பாதையில் போவதால், சின்னக் கட்டிகூடப் பெரிய தொல்லை தரும்.

திரவம் நரம்புக்குள் எப்படிப் போகிறது?

நரம்புக்குள் கட்டி வருவது புதிய விஷயம் அல்ல. 1810-லேயே பிரான்ஸில் போஷேன் என்ற மருத்துவர் முழங்கைப் பக்கத்தில் ஓடும் அல்நார் நரம்பில் இப்படி ஒரு கட்டியைப் பதிவு செய்திருக்கிறார். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகள், இது நரம்பின் உறையே சிதைந்து தானாக உருவாகும் கட்டி என்றுதான் பலரும் நினைத்தார்கள். அதனால் அறுவை சிகிச்சையில் நரம்பைத் திறந்து, கட்டியை மட்டும் எடுத்துவிட்டு மூடினார்கள். பல நோயாளிகளுக்குக் கட்டி திரும்ப வந்தது.

2003-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ராபர்ட் ஸ்பின்னரும் அவரது குழுவும் வேறொரு விளக்கத்தை முன்வைத்தார்கள். ஒவ்வொரு மூட்டுக்கும் பக்கத்து நரம்பிலிருந்து ஒரு மெல்லிய கிளை போகும். மூட்டின் உறையில் ஒரு சின்னக் கிழிசல் ஏற்பட்டால், உள்ளே இருக்கும் திரவம் அந்தக் கிளைக்குள் புகுந்து, அதையே குழாயாகப் பயன்படுத்தி பெரிய நரம்பு வரை ஏறிவிடுகிறது என்பதுதான் அந்த விளக்கம். பெரோனியல் நரம்பைப் பொறுத்தவரை அந்த மூட்டு, முழங்காலுக்குச் சற்றுக் கீழே இரண்டு கால் எலும்புகளும் சேரும் சிறிய மூட்டு.

உய்யக்கொண்டான் வாய்க்கால் பக்கத்தில் விவசாயம் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். மதகு திறந்து கிடக்கும்போது வயலில் தேங்கிய தண்ணீரை மட்டும் இறைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? மறுநாள் திரும்ப நிரம்பும். இங்கே வயல் என்பது நரம்பு, மதகு என்பது மூட்டுக்குப் போகும் அந்தக் கிளை.

இந்த விளக்கத்தை எல்லாரும் உடனே ஏற்கவில்லை. "எங்கள் நோயாளிக்கு மூட்டோடு தொடர்பே இல்லையே" என்று வாதிட்டவர்கள் உண்டு. ஸ்பின்னரும், அதே மருத்துவமனையின் கதிரியக்க மருத்துவர் கிம்பர்லி அம்ராமியும் ஏற்கெனவே எடுக்கப்பட்ட, பிறர் வெளியிட்ட எம்.ஆர்.ஐ. படங்களையே திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். முதலில் "தொடர்பு இல்லை" என்று எழுதப்பட்ட படங்களிலும் மூட்டுக்குப் போகும் பாதை தெரிந்தது. எங்கே தேட வேண்டும் என்று தெரியாததால்தான் கண்ணில் படாமல் போயிருந்தது.

எம்.ஆர்.ஐ. தொழில்நுட்பத்துக்காக பால் லாட்டர்பர், பீட்டர் மேன்ஸ்ஃபீல்ட் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்ததும் அதே 2003-ல்தான்.

எம்.ஆர்.ஐ. படத்தில் எப்படிப் பிரிக்கிறார்கள்?

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்-ரே கதிர் கிடையாது. வலுவான காந்தமும் ரேடியோ அலையும் சேர்ந்து, உடம்பில் உள்ள ஹைட்ரஜன் அணுக்களிலிருந்து வரும் சிக்னலைப் படமாக்குகின்றன. ஒரே இடத்தைப் பல விதமான செட்டிங்கில் எடுப்பார்கள். டி-1 என்ற வகைப் படத்தில் கொழுப்பு வெள்ளையாகவும் திரவம் கருப்பாகவும் தெரியும். டி-2 வகையில் திரவம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கிவிட்டு டி-2 எடுத்தால், நீர்க்கட்டி இருட்டறையில் பல்ப் போட்ட மாதிரி தனியாகத் தெரியும்.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் நீர்க்கட்டியாகிவிடாது. நரம்பு உறையில் வரும் ஷ்வானோமா போன்ற திடக் கட்டிகளும் டி-2-வில் வெள்ளையாகத் தெரியலாம். சந்தேகம் இருந்தால் கைநரம்பு வழியாக கேடோலினியம் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி மறுபடி படம் எடுப்பார்கள். நீர்க்கட்டி என்றால் அதன் ஓரம் மட்டும் மெல்லிய கோடாக ஒளிரும். திடக் கட்டி என்றால் உள்பக்கமும் ஒளிரும்.

அடுத்ததுதான் முக்கியமான கேள்வி: உள்ளேயா, வெளியேயா? பெரோனியல் நரம்பில் மருத்துவர்கள் பார்க்கும் அடையாளங்கள் இவை:

● வடிவம்: வெளியே உள்ள கட்டி உருண்டையாகவோ திராட்சைக் கொத்து மாதிரியோ, கிடைத்த பக்கமெல்லாம் புடைத்திருக்கும். உள்ளே உள்ள கட்டி நரம்பு போகும் வழியிலேயே நீளமாக, குழாய் மாதிரி போகும். சிலருக்குத் தொடை வரைகூட ஏறியிருக்கும்.

● வால்: கட்டியிலிருந்து மூட்டை நோக்கி ஒரு மெல்லிய வால் போகிறதா என்று பார்ப்பார்கள். திரவம் புறப்பட்ட இடத்தை அதுதான் காட்டிக்கொடுக்கும். வெளியே உள்ள கட்டிக்கும் மூட்டோடு காம்பு இருக்கலாம் என்பதால், வாலை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

● குறுக்குக் கை: ஃபிபுலாவின் கழுத்துக்கு முன்னால், குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை போனால், திரவம் மூட்டுக்கான நரம்புக் கிளைக்குள் ஓடுகிறது என்று அர்த்தம்.

● முத்திரை மோதிரம்: நரம்பைக் குறுக்காக வெட்டிப் பார்க்கும் படத்தில், உறைக்குள் பெரும்பகுதி வெள்ளைத் திரவம், நரம்பு இழைகள் ஒரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கும். கல் பதித்த மோதிரம் மாதிரி. இது தெரிந்தால் கட்டி நரம்புக்குள்தான்.

வெளியே உள்ள கட்டி என்றால் நரம்பு முழு வடிவத்தோடு தனியாகத் தெரியும். கட்டியால் ஒதுக்கப்பட்டோ தட்டையாகியோ இருக்கும், அவ்வளவுதான்.

படம் இன்னொரு விஷயத்தையும் சொல்லும். நரம்பு இணைப்பு போன தசை, ஆரம்பத்தில் டி-2-வில் வீக்கம் மாதிரி வெள்ளையாகத் தெரியும். மாதக்கணக்கில் போனால் தசை மெலிந்து கொழுப்பாக மாறும். அப்போது டி-1-ல் வெள்ளையாகத் தெரியும். அதாவது, எவ்வளவு தாமதமாகிவிட்டது என்பதை தசையே சொல்லிவிடும்.

உள்ளே, வெளியே என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது?

வெளியே உள்ள கட்டி என்றால், நரம்பைப் பாதுகாத்துக்கொண்டு கட்டியையும் அதன் காம்பையும் அகற்றுவதே வழி. உள்ளே உள்ள கட்டியை அப்படி முழுசாகச் சுரண்டி எடுக்கப் போனால், ஏற்கெனவே நசுங்கிக் கிடக்கும் இழைகள் அறுபடும் ஆபத்து உண்டு. அங்கே முக்கியமான வேலை, மூட்டுக்குப் போகும் கிளையைக் கண்டுபிடித்துத் துண்டிப்பது. நரம்புக்குள் தேங்கிய திரவத்தைச் சின்னத் திறப்பின் வழியே வெளியேற்றுவார்கள். தேவைப்பட்டால் திரவம் சுரக்கும் மூட்டையும் சரிசெய்வார்கள். அந்தக் கிளையை விட்டுவிட்டால் கட்டி திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். ஊசி போட்டுத் திரவத்தை உறிஞ்சுவது மட்டும் தற்காலிக நிம்மதிதான்.

இதில் காலமும் முக்கியம். நசுங்கிய நரம்பு இழை திரும்ப வளர்ந்தால், நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். அது போய்ச் சேருவதற்குள் தசை கொழுப்பாகிவிட்டால், நரம்பு வந்தும் பயன் குறைவு. ஆறு மாதம் எண்ணெய் தேய்த்துப் பார்ப்பதும், தவறான இடத்துக்கு ஸ்கேன் எடுப்பதும், முதல் அறுவை சிகிச்சை தோற்று இரண்டாவது செய்வதும் தசையின் கெடுவைத்தான் தின்கின்றன. நின்றுகொண்டே வேலை பார்க்கிறவருக்கும், வண்டியில் பிரேக் மிதிக்க வலது பாதம் தேவைப்படுகிறவருக்கும் இது வேலையே போகிற விஷயம்.

முதுகு ஸ்கேன் ஏன் சில நேரம் வழிதவற வைக்கிறது?

பாதம் தொங்கினால் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது முதுகுத் தண்டு. நியாயம்தான், இடுப்புப் பகுதியில் எல்-5 நரம்பு வேர் அழுத்தப்பட்டாலும் பாதம் தொங்கும். ஆனால் முதுகு எம்.ஆர்.ஐ. எடுத்தால், வலியே இல்லாதவர்களிடம்கூட டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருப்பது சகஜமாகத் தெரியும். "டிஸ்க் பல்ஜ் இருக்கு" என்று ரிப்போர்ட்டில் வந்ததும், உண்மையான காரணம் முழங்காலுக்குக் கீழே உட்கார்ந்திருக்க, சிகிச்சை முதுகுக்கு நடக்கும்.

இதைப் பிரிக்க மருத்துவரின் கையே பல நேரம் போதும். பாதத்தை உள்பக்கமாகத் திருப்பும் பலம் நன்றாக இருந்து, மேலே தூக்குவதும் வெளிப்பக்கம் திருப்புவதும் மட்டும் பலவீனமாக இருந்தால், சந்தேகம் பெரோனியல் நரம்பின் மேல் விழும். உள்பக்கம் திருப்புவதும் பலவீனம் என்றால் முதுகின் பக்கம் பார்க்க வேண்டும். நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளக்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனையும், தசைக்கான இ.எம்.ஜி.யும் எந்த இடத்தில் அடைப்பு என்பதைக் காட்டும். செலவு குறைந்த அல்ட்ராசவுண்டிலேயே கட்டி தெரிந்துவிடவும் வாய்ப்பு உண்டு. அதற்குப் பிறகுதான் எந்த இடத்துக்கு எம்.ஆர்.ஐ. என்று முடிவு செய்வது புத்திசாலித்தனம்.

நம் ஊரில் மறக்கக் கூடாத இன்னொரு காரணம்

வெளிநாட்டு மருத்துவக் கட்டுரைகளில் பெரிதாக வராத ஒரு காரணம் இங்கே உண்டு: தொழுநோய். உலகில் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கும் மேல் இந்தியாவில்தான். தேசிய அளவில் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழிக்கப்பட்டதாக 2005-ல் அறிவிக்கப்பட்டாலும், நோய் போய்விடவில்லை. 2027-க்குள் பரவலை நிறுத்துவது என்ற இலக்கோடு 2023-ல் மத்திய அரசு புதிய செயல்திட்டம் வெளியிட்டதும் அதனால்தான்.

தொழுநோய்க் கிருமி தாக்கும் முக்கிய நரம்புகளில் இதே பெரோனியல் நரம்பும் ஒன்று. அதே ஃபிபுலாவின் கழுத்துப் பக்கத்தில்தான் தடிக்கும். சில நேரம் நரம்புக்குள் சீழ்கூடக் கட்டும். அது படத்தில் நீர்க்கட்டி மாதிரி குழப்பலாம். அதனால் தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருக்கிறதா, மற்ற நரம்புகளும் தடித்திருக்கின்றனவா என்று பார்க்காமல் படத்தை மட்டும் நம்புவது ஆபத்து. தொழுநோய் என்றால் அதற்கான கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம், முழுமையாகக் குணமாகும். 1940-களின் இறுதியில் வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய கைவிரல்களுக்குத் தசைநார் மாற்று அறுவை சிகிச்சையைத் தொடங்கிய வரலாறு தமிழ்நாட்டுக்கு உண்டு. நரம்பு மீளாத தொங்கு பாதத்துக்கும் இன்று அதே வழியில், வேலை செய்யும் ஒரு தசைநாரை இடம் மாற்றிப் பொருத்துகிறார்கள்.

செலவு, வசதி எப்படி?

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனை வளாகங்களில் ஸ்கேன் மையங்களை நடத்துகிறது. தனியாரைவிடக் கட்டணம் குறைவு. காட்டூரில் இருப்பவர்களுக்கு அருகில் உள்ள பெரிய அரசு மருத்துவமனை, திருச்சியின் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை. தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உதவும். எந்தப் பரிசோதனைக்கு, எந்த அறுவை சிகிச்சைக்குப் பொருந்தும் என்பதை மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

எம்.ஆர்.ஐ. கருவிகள் பெரும்பாலும் இறக்குமதி என்பது செலவுக்கு ஒரு முக்கியக் காரணம். உள்நாட்டிலேயே தயாரான 1.5 டெஸ்லா கருவியைச் சோதனைக்காக டெல்லி எய்ம்ஸில் நிறுவப்போவதாக 2025 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. மெஷின் விலை குறைவது வரவேற்க வேண்டியதுதான். ஆனால் இந்தக் கட்டியின் கதை சொல்வது வேறு: மேயோ கிளினிக்கில் திரும்பப் பார்க்கப்பட்ட பழைய படங்களில் புது மெஷின் எதுவும் சேரவில்லை. சேர்ந்தது, எங்கே பார்க்க வேண்டும் என்ற கேள்வி மட்டும்தான். "ஃபிபுலா அருகே நீர்க்கட்டி" என்று ஒரே வரியில் முடியும் ரிப்போர்ட், மெஷின் எவ்வளவு புதிதாக இருந்தாலும் அறுவை மருத்துவருக்குப் பாதி விடைதான்.

நோயாளி என்ன கேட்கலாம்?

1. கட்டி நரம்புக்கு உள்ளேயா, வெளியேயா? ரிப்போர்ட்டில் அது எழுதப்பட்டிருக்கிறதா?

2. மூட்டோடு தொடர்பு தெரிகிறதா? ஸ்கேன் எடுத்த பகுதிக்குள் அந்த மூட்டு முழுசாக வந்திருக்கிறதா?

3. தசைகளின் நிலை என்ன? வீக்கம் மட்டுமா, கொழுப்பாக மாறத் தொடங்கிவிட்டதா?

4. அறுவை சிகிச்சை என்றால், மூட்டுக்குப் போகும் நரம்புக் கிளையையும் சேர்த்துப் பார்ப்பீர்களா?

இந்தக் கேள்விகளை மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். ரிப்போர்ட் காகிதத்தோடு, படங்கள் உள்ள சி.டி.யையோ லிங்க்கையோ கண்டிப்பாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கருத்து கேட்கும்போது காகிதம் போதாது, படம்தான் வேண்டும்.

மணிக்கட்டில் வலியில்லாத சின்னக் கட்டி இருந்தால் பதற வேண்டாம், அதற்கு எம்.ஆர்.ஐ.யும் தேவைப்படாது. ஆனால் பாதம் தொங்குவது, கைவிரல் பலம் குறைவது, தசை மெலிவது, புதிதாக மரத்துப்போவது - இவற்றில் எது வந்தாலும் "பார்த்துக்கலாம்" என்று மாதங்களைக் கடத்த வேண்டாம். கூடவே சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ இரண்டு காலும் பலவீனமானாலோ அன்றைக்கே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். அது முதுகுத் தண்டுப் பிரச்சினையாக இருக்கலாம்.

செருப்பு நழுவுகிறது என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். நரம்பு நசுங்குவதற்கு அது முதல் அறிகுறியாக இருந்தால், பாதம் திரும்ப எழுமா என்பதை முடிவு செய்வது அடுத்த சில மாதங்கள்தான்.